எருமைக்குப் பின்னால் நின்று எடுத்த பூநாரைப் படம்

மருமக்கள் இரண்டு பேர் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார்கள். லென்ஸ் மட்டும் என் முழங்கை நீளம். “பங்குனியில் பறவை எடுக்க எங்கே போகலாம், மாமா?” என்று கேட்டார்கள். சென்னை மாகாணத்துப் பறவைப் படக்கலையின் பிதாமகனிடமே கேட்டுவிட்டார்கள், சும்மா விடலாமா? இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், பதினெட்டு வயதில், அடையாறு முகத்துவாரத்தின் மீது நான் நடத்திய படையெடுப்பை எழுதிவைக்கிறேன். போகிறவர்களுக்கு உதவும்.

படையின் தளபதி நான். படையே என் சிநேகிதன் யூசுப். அவனுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ராயப்பேட்டையில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை. யூசுப் மூர் மார்க்கெட்டில் ஒரு பெட்டிக் கேமரா வாங்கிவிட்டு, கடையின் பின்னறையைப் படம் கழுவும் இருட்டறையாக்கித் தரச் சொல்லி நச்சரித்தான். “என் கடையில மாட்டுற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டு. இல்லேன்னா ரம்ஜானுக்கு முன்னே பெரியமேட்டுல உன் மாமா தோல் மண்டிக்குப் போயிடணும்” என்று அத்தா சொல்லிவிட்டார். தோல் மண்டி வாசனை ஏழு கடல் தாண்டி வரும். யூசுப்புக்கோ மல்லிகைப்பூ வாசனையே தலைவலி.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவன் டிராமில் ஓரணா கொடுத்து, மயிலாப்பூரில் நான் காத்திருந்த லஸ்ஸுக்கு வந்தான். அங்கிருந்து மந்தைவெளி வழியாக ஆற்றங்கரைக்கு இரண்டு மைல் நடை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஒரு மாட்டுவண்டி வந்தால் அதுதான் போக்குவரத்து நெரிசல். தி.நகருக்கே போயிருக்கலாமே என்பீர்கள். அது ஏரியின் மேல் உட்கார்ந்து இருபது வருஷமே ஆன ஊர். மழை நாளில் கொக்குகள் பழைய விலாசம் தேடி வந்து, யார் வீட்டுக் கொல்லையிலாவது நின்று யோசிக்கும். ஆனால் பூநாரை வேண்டுமென்றால் அடையாறுதான்.

முகத்துவாரத்தில் இன்று நீங்கள் போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும் உடைந்த பாலம் அன்றைக்கு உடையவில்லை. கட்டவே இல்லை. மணல் திட்டில் உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் தையல் மிஷின் மாதிரிக் குத்திக்கொண்டு ஓடின. ஈரத்தில் நரியின் கால்தடம். நண்டுகள் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டன. தூரத்தில், முழங்கால் தண்ணீரில், பூநாரைகள். லட்சம் இருக்கும். யூசுப்பைக் கேட்டால் நாற்பது என்பான். அவனுக்குக் கணக்கு வராது.

பெட்டிக் கேமராவுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் கண்ணில் படாது. பிலிமில் எட்டே படம். ஓரடி கிட்டே போனால் பூநாரைக் கூட்டம் இரண்டடி தள்ளிப் போனது. ஐந்து படம் வெறும் தண்ணீருக்கே போயிற்று. யூசுப் மணலில் உட்கார்ந்துவிட்டான். “மச்சி, என் மேல இப்பவே தோல் வாடை வருது.”

அப்போதுதான் அந்தக் கரையில் பால் வியாபாரம் செய்த கன்னியம்மாவின் நாலு எருமைகள் ஆற்றில் இறங்கின. பூநாரைகளுக்கு நடுவிலேயே போய் அமிழ்ந்தன. ஒரு பறவையும் அசையவில்லை. என் ஏழாம் அறிவு விழித்துக்கொண்டது. கரையில் நின்ற அந்த அம்மாளிடம் போய், ஓர் எருமையை இரவல் கேட்டேன்.

“இன்னா நைனா, காலங்காத்தால குடிச்சிக்கினு வந்துட்டியா?”

“இல்லம்மா. அது பின்னால ஒளிஞ்சிக்கிட்டுப் போய்ப் படம் எடுக்கணும்.”

“உன் மூஞ்சப் பாத்துட்டு அது பால நிறுத்திட்டா நீயா கறப்பே?” என்றாள். பிறகு யூசுப்பின் முகத்தைப் பார்த்தாள். “சரி, இட்டுக்கினு போ. ஆனா தேய்ச்சிக் குளுப்பாட்டி வுடணும். ஒண்ண மட்டும் தேய்ச்சா மத்தது கோவிச்சிக்கும். நாலையும் தேய்க்கணும்.”

தேய்த்தோம். பட்டத்து யானைக்கும் கிடைக்காத மரியாதை. பிறகு ஓர் எருமையின் விலாவோடு விலாவாக ஒட்டிக்கொண்டு, அது நடந்தால் நடந்து, நின்றால் நின்று, முழங்கால் சேற்றில் போனோம். கைக்கெட்டும் தூரத்தில் ரோஸ் நிறம். யூசுப் எருமையின் முதுகில் கேமராவை ஊன்றி மூன்று படம் எடுத்தான். மூச்சு விட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தெரிந்த ஸ்டூடியோவில் கழுவினோம். ஒன்று அற்புதமாக வந்திருந்தது. அத்தா அதை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

“கொக்கு” என்றார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பூநாரையும் கொக்குதான் என்பது எங்கள் இரண்டு மூளைக்கும் அதுவரை உதிக்கவில்லை.

“அத்தா, இது ரோஸ்” என்றான் யூசுப்.

அத்தா கைதேர்ந்த கலர்க்காரரும்கூட. காலமானவர்களின் படத்துக்கு உதடும் புடவையும் தீட்டித் தருவார். ஆனால் வாய் வார்த்தையை நம்பித் தீட்டவே மாட்டார். அந்தப் புடவையையே கொண்டுவந்து காட்ட வேண்டும். “எந்த ரோஸ்?” என்றார்.

“மாதுளம் மொக்கு” என்றேன் நான். “குழந்தையோட உள்ளங்கால்” என்றான் அவன்.

“ரெண்டு பேரும் ஒரே பறவையைத்தான் பாத்தீங்களா? போய்ப் பறவையைக் கொண்டாங்க.”

“அது வராது அத்தா. நீங்கதான் வரணும்.”

முப்பது வருஷமாகப் பெருநாள் தவிரக் கடையை மூடாதவர் மறுநாள் பூட்டினார். கன்னியம்மா அவரைப் பார்த்ததும், “பாயி, நீ தேய்க்க வேணாம், பசங்க தேய்க்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். மறுபடி நாலும் எங்கள் தலையில். அத்தா லுங்கியை மடித்துக் கட்டி, எருமையோடு தண்ணீருக்குள் போனார். கையில் பீங்கான் கிண்ணமும் தூரிகையும். சாயத்தைக் குழைப்பார், பறவைக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், தலையாட்டுவார், திரும்பக் குழைப்பார். “ஒரே ரோஸ் இல்லடா. காலு வேற, கழுத்து வேற” என்று முணுமுணுத்தார்.

எருமை தும்மியது. அத்தனை பூநாரைகளும் எழுந்தன. மடித்து வைத்திருந்த இறக்கைக்குள்ளிருந்து செக்கச்செவேல் என்று ஒரு சிவப்பும், ஓரத்தில் மையிட்ட மாதிரிக் கறுப்பும் விரிந்தன. அத்தா தூரிகையைத் தூக்கியபடியே நின்றார். சாயம் முழங்கை வழியே வடிந்தது.

யூசுப் பக்கம் திரும்பி, “இதை நீ எடுக்கலியே” என்றார்.

“பிலிம் ஆயிடுச்சு அத்தா.”

“எடுக்கணும்னா, அந்தப் பின்னறை போதுமா உனக்கு?”

யூசுப் எருமையைத் தேய்க்கப் போய்விட்டான். ஏற்கெனவே தேய்த்த எருமையை.

இனி, போகிறவர்களுக்கு. கரையில் இப்போது வேலி உண்டு. அனுமதி இல்லாத பக்கம் இறங்காதீர்கள். ஓதம் வற்றி, கடல்நீர் பின்வாங்குகிற காலை நேரமாகப் பார்த்து, வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். எருமை கிடைக்காது. சில வருஷம் பூநாரையும் கிடைக்காது. உள்ளான்களை எடுங்கள், அவை கோபித்துக்கொள்வதில்லை. வீட்டில் யாராவது உங்கள் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் வாதாடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள்.