தம்பியின் படத்தில் எங்கள் வீடு

என் அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, கரண்ட் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். மேல் துணிக்கும் அடித்துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. சும்மா சொல்லக் கூடாது, முதலாளிக்கே அவளிடம் கொஞ்சம் பயம்தான்.

மாப்பிள்ளை என்று வந்த ஒருவனை, "பேண்ட்டையே கோணலா தைச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கான், இவனோட எப்படிக் குடித்தனம் பண்றது?" என்று திருப்பி அனுப்பினாள். வீடே சிரித்தது. உண்மைக் காரணம் எங்கள் அப்பா என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா தபால்காரர். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. குடிக்கிறார் என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை அந்த மனுஷன்! அப்புறம் கை நடுங்கியது, பேச்சு குழறியது, படுத்த படுக்கையானார். பெரியப்பாவும் அப்படியேதான் போனார். எங்கள் ஒரே தம்பி மரபணு ஆராய்ச்சிக்குப் போனதே இது என்ன கண்றாவி என்று கண்டுபிடிக்கத்தான். அவனைப் படிக்க வைத்தது அக்கா.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தான். ஆளுக்கொரு படிவம் கொடுத்தான். அதில் ஒரு கேள்வி: முடிவை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா?

"இருக்குன்னு தெரிஞ்சா மருந்து இருக்காடா?" என்று அக்கா கேட்டாள்.

"இப்போதைக்கு இல்லக்கா."

"அப்ப எனக்குச் சொல்லாத. நாளைக்குக் காலையில நான் கத்தியைப் பிடிக்கணும்."

'வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தாள். நானும் போட்டேன். எனக்கு இரண்டு பையன்கள். பயம், வேறென்ன?

அந்த ரத்தத்தில் அவன் கண்டுபிடித்ததற்குத்தான் இந்த வருஷம் இளம் மரபணு ஆராய்ச்சியாளர் விருது. முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுப்பது. இவனுக்கு ஆறரை முடிந்திருந்தது, மயிரிழையில் தப்பித்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு அளவெடுத்து, கோட்டுத் துணியை அவளே வெட்டிக் கொடுத்தாள்.

விழா அரங்கில் எங்களுக்கு இரண்டாவது வரிசை. பரிசு வாங்கியவர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச வேண்டும், வந்திருக்கும் குடும்பத்தார் எல்லாருக்கும் புரியும்படி பேச வேண்டும் என்று கண்டிப்பு. புரிந்துதான் தொலைத்தது.

"இது ஒரு குடும்பம்" என்று தம்பி திரையில் ஒரு படத்தைப் போட்டான். "கட்டம் ஆண். வட்டம் பெண். குறுக்குக் கோடு போட்டிருந்தால் இறந்தவர். கறுப்பாக இருந்தால் பிழையான மரபணு இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இல்லை, அவர்கள் பிள்ளைகளுக்கும் வராது."

மேல் வரிசையில் குறுக்குக் கோடு போட்ட இரண்டு கறுப்புக் கட்டங்கள். முதல் கட்டத்துக்குக் கீழே இரட்டைப் பிள்ளைகள். பெரியப்பாவுக்கும் இரட்டைதான். பக்கத்தில் ஒரு வட்டம், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கணவர்கள். எங்கள் அத்தையின் இரண்டு கல்யாணத்தையும் விடாமல் போட்டிருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டாவது கட்டத்துக்குக் கீழே இரண்டு பெண், கடைசியாக ஒரு பையன். நடு வட்டத்துக்குக் கீழே மட்டும் இரண்டு குட்டிக் கட்டங்கள்.

நடு வட்டம் நான். வெள்ளை.

என் பிள்ளைகள் தப்பித்தார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அதற்குப் பக்கத்து வட்டத்தைப் பார்க்கவே எனக்குச் சில நொடி ஆனது. பாவி நான். அது கறுப்பு.

அக்கா மடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்து நாலு. கூட்டம் கை தட்டியது. அவளும் தட்டினாள்.

விழா முடிந்ததும் தம்பியை மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனேன். எனக்கு எப்போதும் வாய் நீளம், அன்றைக்கு இன்னும் நீண்டது.

"அறிவிருக்காடா உனக்கு? நம்ம வீட்டைக் கொண்டுபோய் ஊருக்குப் படம் காட்டியிருக்க!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்து நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"பேரு எதுவும் போடலையே சின்னக்கா. பத்திரிகையில வந்தப்ப யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதுன்னு வரிசையெல்லாம் மாத்தித்தான் குடுத்தேன். பத்து நிமிஷப் பேச்சுதானேன்னு இங்க பழைய படத்தையே..."

"பேரை எடுத்துட்டா எங்களை எங்களுக்கே தெரியாதா? நாலு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டு அவ கையால சாப்பிட்டிருக்க!"

"நீங்க ரெண்டு பேரும்தானே சொல்லாதன்னு எழுதிக் குடுத்தீங்க? நான் யார்கிட்ட போய் அழறது?" அவன் உடைந்து அழுதான். "இந்த விருதே வேண்டாம். திருப்பிக் குடுத்துடறேன் பெரியக்கா."

"குடுத்தா என் வட்டம் வெள்ளையாயிடுமா?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னுது வெள்ளைடி, பாத்தியா? பசங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏண்டா," என்று அவனிடம் கேட்டாள், "கடைசிக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறி போட்டிருந்தியே, அது நீதானே?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க எல்லார் ரத்தத்தையும் பாத்துட்டு உன்னுதைப் பாக்கலையா?"

"பயமா இருந்துச்சுக்கா."

நன்றாக நாலு அறை விடுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பாக்காதடா. நேத்து வரைக்கும் நான் எவ்வளவு நல்லா இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."