தங்கை வளர்த்த எக்கினேசியா

என் தங்கை வருடக்கணக்கில் காத்து வளர்த்த எக்கினேசியாச் செடிகளை, அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான் தோண்டி எடுத்தேன். கேட்டபோது பெருச்சாளி என்று பொய்யும் சொன்னேன்.

குளிர்நாட்டில் நர்ஸாக இருந்தவள் அவள். அங்கே வீட்டு வாசலில் இந்தப் பூவை வளர்த்தவர் அவளுடைய கணவர். ஊர் திரும்பிய பிறகு அவர் இறந்தார். எங்கள் ஊரான கொல்லயிலில், சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஒரு முறையாவது அந்தப் பூவை அவர் கல்லறையில் வைக்க வேண்டும் என்று, என் வீட்டுக்கு அடுத்திருந்த தன் வீட்டில் விதை போட்டு வளர்த்தாள். முதல் மொட்டுகள் வந்திருந்தன.

எனக்கு விடாத சளி. கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். எக்கினேசியா சளிக்கு நல்லது, வேரில்தான் மருந்து அதிகம் என்று எங்கோ படித்திருந்தேன். கொதிக்க வைத்துக் குடித்தேன். நாக்கு சுறுசுறுவென்று துடித்து மரத்துப்போனது. ஒரு வேருக்குள் இவ்வளவு வேகமா என்று அப்போதும் வியந்தேன். சளி போகவில்லை.

வந்தவள் குழியருகே குந்தியிருந்து பார்த்தாள்.

"பெருச்சாளி மண்வெட்டி வச்சா தோண்டிச்சு அண்ணா?"

நான்தான் என்றேன்.

"சளி மாறிச்சா?"

"இல்ல."

"அங்கயும் குடிப்பாவ. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. எனக்கு அது மருந்தில்ல, பூவாக்கும்."

மிஞ்சிய விதைகளைக் கேட்டேன். உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் அவை நன்றாக முளைக்கும். ஈர மணலில் பொதிந்து, பனச்சமூட்டுச் சந்தையில் வாங்கிய மீனுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்தேன். வாரங்கள் கழித்து எடுத்து விதைத்தபோது, பனி உருகிவிட்டதென்று நம்பி அவை முளைவிட்டன. எந்தத் தேசத்துக் காலத்தையோ அந்தத் துரும்பு தனக்குள் வைத்திருந்தது. மழையில் வேர் அழுகாதிருக்க, என் முற்றத்தில் மேடாகப் பாத்தி கட்டிச் சல்லி கலந்து நட்டேன். அப்படியும் பல அழுகின. ஒன்று நின்றது, மறுவருடம் பூத்தது.

இளஞ்சிவப்பு இதழ்கள் சற்றே தாழ்ந்திருந்தன. நடுவில் செம்மஞ்சள் முட்களாலான கூம்பு. அது ஒரு பூ அல்ல, சிறுபூக்களின் கூட்டம். விளிம்பிலிருந்து உள்நோக்கி, சுருள் சுருளாக, வரிசை பிசகாமல் விரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். என் படிப்பு முழுவதும் அதன்முன் வாயடைத்து நின்றது.

"வா மக்கா, பூத்திருக்கு."

நெடுநேரம் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் கொண்டுவந்து காம்போடு வெட்டினாள்.

"நானும் வரட்டா?"

"வேண்டாம். நான் தனியே போயிட்டு வாறேன்."

அவள் போனபின் செடியருகே நின்றேன். வெட்டிய இடத்துக்குக் கீழே, இலைக் கக்கத்தில் இன்னொரு மொட்டு தலைநீட்டியிருந்தது. திரும்பி வந்தவளிடம் காட்டினேன். குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"அது நிக்கட்டு, வித்துக்கு. இனி தண்ணி நான் விட்டுக்கிடுதேன்."

இப்போது தினமும் காலையில் என் முற்றத்துக்கு வருகிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை.