பூஜ்யத்துக்குக் கீழே மூன்று

மகான்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த நேரத்தில் வானத்தில் என்ன தெரிந்தது என்று தொடங்குவார்கள். நம்மவர் பிறந்தபோது மின்வெட்டு. வானத்தைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை என்று அவருடைய தாயார் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நாற்பத்தொரு வயது வரை அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருந்தார். அதனால் ஊரில் அவருக்கு 'லிஃப்ட்டு' என்றே பெயர். கரண்ட் போய்விட்டால் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கக்கூடாது அல்லவா? மெல்ல அடுத்த மாடிக்கு இறங்கிக் கதவைத் திறந்துவிடுவதற்கென்று மேலே ஒரு பேட்டரிப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிகளைப் பதினேழு வருடம் பராமரித்ததில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மீட்டரை எப்போதும் கொஞ்சம் பொய் சொல்ல வைப்பார். முள் பூஜ்யத்தைத் தொடும்போது உள்ளே உண்மையில் மூன்று சதவீதம் மிச்சம் இருக்கும். மாட்டிக்கொண்டவர் பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும், பத்திரமாக இறங்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மிச்சம் இருப்பது தெரிந்தால் அது மிச்சமாக இருக்காது என்பார், தனக்குள்.

ஒருநாள் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையின் முதலாளி தன் அலுவலக லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை, பெட்டியின் முள் பூஜ்யத்தில். இருந்தும் லிஃப்ட் நல்ல பிள்ளையாய் இறங்கிக் கதவைத் திறந்தது. வெளியே வந்த முதலாளி, "இந்தப் பேட்டரியப் பாத்துக்கறது யாரு?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்குக் கார் பந்தயம் வந்திருந்தது. அதுவும் மின்சாரக் கார் பந்தயம். நம் லிஃப்ட்டுவை அழைத்து, பந்தய அணியின் பேட்டரித் தலைவர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்.

வீட்டில் கார்டைக் காட்டியதும் மனைவி அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"இருக்கிற வேலைய விட்டுட்டு, விசிறிக்காரர் காருக்குச் சார்ஜ் போடப் போறீங்களா?"

"சார்ஜ் போடறது இல்லடி. தலைமை."

"தலை போகாம இருந்தா சரி. உங்க எடத்துல யாரப் போடுவாங்க தெரியுமா? என் தங்கச்சி புருஷனத்தான். நாளைக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பிப் போனீங்கன்னா, அவருகிட்டதான் வேலை கேட்டு நிக்கணும்."

சகலைக்கும் சகலைக்கும் உள்ள உறவைப் பற்றி நம் முன்னோர் பெரிதாக எதுவும் எழுதிவைக்கவில்லை, பயந்திருப்பார்கள். ஒரே மாமனார் என்ற ஒரே தொகுதியில், தேர்தல் தேதி அறிவிக்கப்படாமலே ஆயுள் முழுவதும் எதிரெதிராக நிற்கும் இரண்டு வேட்பாளர்கள் அவர்கள். இந்தச் சகலையைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே லிஃப்ட்டுதான். ஒன்பது வயது இளையவர். 'அண்ணே, அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஒவ்வொரு அண்ணேவுக்குப் பின்னாலும் ஒரு ஊசி வரும்.

"அவன்கிட்ட நான் போய் நிக்கற நாள் வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்த லிஃப்ட்டுக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. முடிக்காத சபதத்துக்குத்தான் வீரியம் அதிகம். மறுநாளே வேலையை விட்டார். மறுவாரமே சகலை அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

விசிறிகளை அட்டைப்பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்து அணிக்குக் கொடுத்தார்கள். ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்த முறை தனிச் சிறப்பு வாய்ந்தது. மூன்று பேர் வந்தார்கள். முதலாளி மூவரையும் பார்சல் எடை போடும் தராசில் ஏற்றினார். ஏற்கெனவே இரண்டு பந்தயங்களில் ஜெயித்தவர் எழுபத்திரண்டு கிலோ, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தேழு கிலோ இருந்தவர் தேர்வானார். அதுவரை அவர் ஓட்டியது மருந்துக்கடை டெலிவரி ஸ்கூட்டர். அன்றிலிருந்து அவர் பெயர் பஞ்சு.

இந்தப் பந்தயத்தின் சூட்சுமம் எளிது. எல்லாருக்கும் ஒரே அளவு பேட்டரி. வேகமாகப் போனால் பாதியில் தீர்ந்துவிடும். மெதுவாகப் போனால் தீராது, ஆனால் கடைசியில் வருவீர்கள். எல்லைக் கோட்டைத் தொடும்போது சரியாகப் பூஜ்யத்தைத் தொடுகிறவர் கெட்டிக்காரர். லிஃப்ட்டு பழக்க தோஷத்தில் இந்தக் காரின் மீட்டரையும் பொய் சொல்ல வைத்தார். திரையில் பூஜ்யம் என்றால் உள்ளே மூன்று.

முதல் பந்தயத்தின் கடைசி வளைவில் பஞ்சுவின் திரை பூஜ்யம் காட்டியது. மற்றவராயிருந்தால் காலை எடுத்து ஓரம் கட்டியிருப்பார். பஞ்சு பயத்தில் காலை எடுக்க மறந்துவிட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் இடம்! இரண்டாவது பந்தயத்தில் வேண்டுமென்றே மறந்தார், இரண்டாம் இடம். அதற்கடுத்த நான்கும் வெற்றி. மற்ற ஓட்டுநர்கள் சதவீதத்தை எண்ணி எண்ணி வேகத்தைக் குறைக்கும் கடைசிச் சுற்றில், பஞ்சு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு பறந்தார். பத்திரிகைகள் 'பூஜ்யப் புலி' என்றன. பஞ்சு தன் வலது காலைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினார். அதற்கு மட்டும் எண்ணெய் தேய்க்க ஓர் ஆள் அமர்த்தப்பட்டார். இடது கால் அந்த வீட்டில் மாற்றாந்தாய்ப் பிள்ளையாய் வளர்ந்தது.

முதலாளி சும்மா இருப்பாரா? 'பூஜ்யத்திலும் சுழலும்' என்று விசிறிக்கு விளம்பரம் கொடுத்தார். மக்கள் வாங்கிப் போய், கரண்ட் போன நேரத்தில் அதன் கீழே அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். காரின் இருபுறமும் ஒரு மெத்தைக் கம்பெனி 'நிம்மதியான உறக்கம்' என்று தன் விளம்பரத்தை ஒட்டியது.

லிஃப்ட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பிரசவ வார்டின் வெளியே நிற்கும் அப்பாவைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதுவரை அவர் வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பட்டம் வென்றதற்கு ஒரு ஓட்டல் மண்டபத்தில் மதிய விருந்து. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். லிஃப்ட்டு மாமனார், மாமியார், மைத்துனி எல்லாரையும் அழைத்தார், முக்கியமாகச் சகலையை. விதி என்று சொல்ல மாட்டேன். ஆசை.

சாப்பாட்டு மேசையில் சகலை ஆரம்பித்தார். "அண்ணே, அந்தப் புலியோட காலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போறாங்களாமே?"

"ஆமா, கேள்விப்பட்டேன்."

"உங்க உடம்புல எதுக்காவது எடுக்கறாங்களா அண்ணே?"

மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன் அண்ணே. அங்க உங்க வேலை பிளக்கு சொருகறதா, பிடுங்கறதா?"

"ரெண்டும்தான்," என்றார் மாமியார், மாப்பிள்ளையைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில்.

மேசையே சிரித்தது. லிஃப்ட்டு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். எழுந்து போய் மேடையில் மைக்கைப் பிடித்தார்.

மூன்று சதவீதத்தின் கதையை முதலிலிருந்து சொன்னார். லிஃப்ட் பெட்டி, பொய் சொல்லும் மீட்டர், பயந்த பஞ்சு, ஒன்றையும் விடவில்லை. "ஜெயிச்சது காலும் இல்ல, புலியும் இல்ல. நான் ஒளிச்சு வெச்ச மூணு சதவீதம்!" என்று முடித்து, கைதட்டலுக்காகச் சகலை இருந்த பக்கம் பார்த்தார். மண்டபத்தில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள்.

முதலாளி மெல்ல எழுந்தார். "என்கிட்ட இருந்தே ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?"

"முதலாளி, அது ஒரு பாதுகாப்புக்கு..."

"என் பேட்டரில, எனக்கே தெரியாம, மூணு சதவீதத்த நீ வெச்சிருந்தியா?"

'நீங்கள்' என்ற மரியாதை இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இறங்கிக்கொண்டது. சகலை மட்டும் பொறுமையாக, மிக அழகாக, நான்கு முறை கைதட்டினார்.

திங்கட்கிழமை காலை உத்தரவு வந்தது. ஒளித்ததை வெளியே எடு. இனி மீட்டர் உண்மை பேச வேண்டும். "மொத்தமும் கண்ணுக்குத் தெரிஞ்சா இன்னும் வேகமாப் போகலாமே! இது ஏன் உனக்குத் தோணல?" என்றார் முதலாளி. மிச்சம் வைப்பதன் தத்துவத்தை லிஃப்ட்டு விளக்கப் பார்த்தார். "என் பேட்டரி, என் சதவீதம்" என்ற எதிர்த் தத்துவம் கிடைத்தது. லிஃப்ட்டு மீட்டரைத் திருத்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய மீட்டர் ஒன்று உண்மை பேசியது.

அதன் பிறகு பஞ்சுவைப் பார்க்கப் போனார். வலது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இனிமே பூஜ்யம்னா பூஜ்யம்தான். அதுக்கு முன்னாடியே காலத் தளர்த்திடணும்."

பஞ்சு கண்ணைத் திறக்கவில்லை. "ஊரே கூடியிருக்கற எடத்துல மைக்கப் பிடிச்சு என் கால அசிங்கப்படுத்தினது நீங்கதான?"

"அது வேற. இது வேற. மிச்சம் இல்லப்பா, எடுத்துட்டேன்."

"இப்ப உங்க மூணு போச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னா ஊரு என்ன சொல்லும்?"

"எப்படிப்பா ஜெயிப்ப?"

"கால்ல ஜெயிப்பேன் சார். இன்னும் கொஞ்சம் மேல தேய்ங்கண்ணே," என்றார் பஞ்சு, இரண்டாவது வாக்கியத்தை எண்ணெய் தேய்ப்பவரிடம்.

புதிய பருவத்தின் முதல் பந்தயம். பஞ்சு ஆரம்பத்திலிருந்தே முன்னால் போனார். மூன்று சதவீதம் கூடுதலாகக் கண்ணுக்குத் தெரிந்ததால் தாராளமாகச் செலவழித்தார். கடைசிச் சுற்றில் திரை ஒன்று காட்டியபோது, லிஃப்ட்டு ரேடியோவை எடுத்து, "காலத் தளர்த்து, காலத் தளர்த்து!" என்று கத்தினார். முதலாளி ரேடியோவைப் பிடுங்கினார். "புலியக் கலைக்காத!"

பூஜ்யம் வந்தது. பஞ்சு காலை இன்னும் அழுத்தினார். எல்லைக் கோட்டுக்கு இருபத்திரண்டு அடி முன்னால் வண்டி ஒரு பெருமூச்சுகூட விடாமல் நின்றது. மின்சார வண்டி அல்லவா, நிற்பதிலும் சத்தம் இல்லை.

கூட்டம் பதறவில்லை. "இப்பக் கிளம்பும் பாரு!" என்று ஆவலோடு காத்திருந்தது. பஞ்சு உள்ளே உட்கார்ந்து மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த ஒன்பது வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒன்பதாவது வண்டிக்காரர் தன் வாழ்நாளில் யாரையும் முந்தியதில்லை. அவர் நின்று, கையசைத்து, பிறகு கடந்தார். இறங்கித் தள்ளக்கூடாது என்பது விதி. ஆகவே புலி கூண்டுக்குள்ளேயே அழுதது. அது பெரிய திரையில் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம்: நின்றுபோன கார், அதன் விலாவில் 'நிம்மதியான உறக்கம்'. மெத்தை விற்பனை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. விசிறிகள் மட்டும் வண்டி வண்டியாகத் திரும்பி வந்து கொட்டகையை நிரப்பின. கார் நிறுத்த இடமில்லாமல் போனபோது, அணியைக் கலைப்பதாக முதலாளி அறிவித்தார்.

அதற்கு முன் விசாரணை ஒன்று நடந்தது. லிஃப்ட்டு மீது இரண்டு குற்றங்கள். ஒன்று, மூன்று சதவீதத்தை ஒளித்து வைத்தது. இரண்டு, மூன்று சதவீதத்தை ஒளித்து வைக்காதது. "எடுக்கச் சொன்னது நீங்கதானே முதலாளி?" என்று அவர் கேட்டார். "நான் சொன்னா? சொல்லாதப்பவே ஒளிக்கத் தெரிஞ்சவனுக்கு, சொன்னப்புறம் ஒளிக்கத் தெரியாதா?" என்றார் முதலாளி. பஞ்சு மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. மெத்தைக் கம்பெனி அவரை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. இன்று அவருக்கு அறுபத்தெட்டு கிலோ.

லிஃப்ட்டு ஐந்து மாதம் வேறு வேலை தேடினார். எல்லா இடத்திலும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். ஆறாவது மாதம் மனைவி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். லிஃப்ட்டு பழைய கம்பெனிக்கே போனார்.

நேர்காணலில் சகலையோடு இன்னும் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். சகலை விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பேரு?"

பதினொரு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர். லிஃப்ட்டு பெயரைச் சொன்னார்.

"இனிஷியல்?"

சொன்னார்.

"முன்னாடி இங்க வேலை பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்..." அந்த இடத்தில் என்ன சொல்லி முடிப்பது என்று ஒரு கணம் தேடினார். "...சார்."

சகலை தாராள மனசுக்காரர், வேலை கொடுத்தார். உதவியாளராக. வாசல்வரை கூடவே வந்து, தோளில் கை போட்டு, "வீட்ல அண்ணன், இங்க சார். அவ்வளவுதாண்ணே. மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க," என்றார். நியாயமான ஏற்பாடு. யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சகலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கண்ணால்கூடக் காட்டவில்லை. லிஃப்ட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமனார் மூத்த மாப்பிள்ளையைப் பார்த்தார், இளைய மாப்பிள்ளையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"அட, உக்காருங்கண்ணே," என்றார் சகலை, தான் முதலில் உட்கார்ந்த பிறகு.