முதல் தட்டு

என் தங்கைக்குத் திக்குவாய். பாடினால் மட்டும் திக்காது. அந்த ஒரு ‘மட்டும்’ போதும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க யார் வந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். தங்கை பஜ்ஜித் தட்டோடு வருவாள், கும்பிடுவாள், ஒரு பாட்டுப் பாடுவாள், உள்ளே போய்விடுவாள். பெண் ரொம்ப அமைதி என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அவள் தொடங்கும் வாக்கியத்தை முடித்து வைப்பவர் அப்பா. பாசத்தில்தான் செய்வார். ஒருமுறை தலை வலிக்கிறது என்று சொல்ல வந்து ‘த, த’ என்று நின்றாள். அப்பா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவளும் பேசாமல் வாங்கிக் குடித்தாள்.

இப்படிப்பட்டவள் என்னிடம் வந்து, ராப் சொல்லப் பின்னணித் தாளமாக ஒரு பீட் செய்து தரச் சொன்னபோது எனக்குப் புரை ஏறியது. மூச்சு விடாமல் பேச வேண்டிய சமாச்சாரம் அது. நீயா என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனால் வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவனும் நான்தான்.

வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். திரையில் பதினாறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். எந்தக் கட்டத்தை அழுத்துகிறோமோ அங்கே சத்தம் விழும். அடிவயிற்றில் அதிர்வது கிக். சலசலவென்று ஓடுவது ஹை-ஹேட். இன்னொன்றின் பெயர் க்ளாப், அதாவது கைதட்டல். அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. தங்கையின் பாட்டு வகுப்புக்குச் சின்ன வயதில் துணைக்குப் போய்ப் போய், தாளம் மட்டும் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆதி தாளத்தில் கை எங்கே தட்டுமோ அங்கெல்லாம் க்ளாப்பை வைத்தேன். முதல் எண்ணிக்கையில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று. விரல் எண்ணும் இடத்திலும் கையைத் திருப்பும் இடத்திலும் ஒன்றுமில்லை. வேறு எப்படி வைப்பார்கள்?

அலுவலகத்தில் இசை தெரிந்த நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, பஜனைக்கா என்றார். இந்த இசையில் முதல் எண்ணிக்கையில் க்ளாப் வரவே கூடாதாம். அங்கே கிக்தான் விழ வேண்டும், க்ளாப் அதற்கு அடுத்த அடியில். எனக்கு மானம் போயிற்று. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியில் தட்டித் தட்டிப் பழகி, எல்லாவற்றையும் அதனதன் இடத்துக்கு மாற்றினேன். ஹை-ஹேட்டை ஒரு மயிரிழை தள்ளி வைத்ததும் பீட் தானாக ஆடத் தொடங்கியது. நண்பரே தலையாட்டினார்.

அந்தப் பெருமையோடு தங்கையின் போனில் போட்டுக் காட்டினேன். அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். மறுபடி போட்டேன், மறுபடி மாட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு நான் முன்பே அனுப்பியிருந்த பழைய பஜனை பீட்டை அவளே தேடி எடுத்துப் போட்டு, கடகடவென்று நாலு வரி சொன்னாள். ஓர் இடத்திலும் திக்கவில்லை.

போனின் சின்ன ஸ்பீக்கரில் கிக் கேட்கவே கேட்காது. சரியான பீட்டில் முதல் எண்ணிக்கை அவளுக்குக் காலியாக இருந்திருக்கிறது. என் தப்பான பீட்டில் அங்கே ஒரு தட்டு இருந்தது.

“மு... முதல்ல தட்டு இருந்தா ஏறிடுவேன்ணா,” என்றாள். பஸ்ஸில் ஏறுவதைப் போலச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டோன்மென்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தட்டு வந்தது, கும்பிடு ஆயிற்று. பையனின் அம்மா, பாட்டுப் பாடுமா என்று கேட்டார். தங்கை தலையாட்டிவிட்டு, போனை பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். என் பஜனை பீட்.

“பாட்டு வந்தா ஓடும் நாக்கு, பேச்சு வந்தா திக்கும்,
கேட்டுப் பாதியில நீங்க முடிச்சா நெஞ்சுக்குள்ள விக்கும்.”

இன்னும் பல வரிகள். பெண் அமைதி இல்லை, அமைதியாக வைக்கப்பட்டிருக்கிறாள் என்றும், கட்டிக்கொள்பவருக்கு இதெல்லாம் இன்றைக்கே தெரிய வேண்டும் என்றும் சொன்னாள். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பையன் வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியோடு அப்படியே இருந்தான். அவனுடைய அப்பா மட்டும் பழக்கதோஷத்தில் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

பீட் நின்றது. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

அவர்கள் போன பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“எனக்குத் த... த...”

அப்பாவின் கை தண்ணீர்ச் செம்பை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அவள் முகத்தையே பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். பீட் இல்லை, தட்டு இல்லை. ரொம்ப நேரம் ஆயிற்று.

“...தலை வலிக்குதுப்பா,” என்றாள்.