ஏரி பார்க்காத படகுக்குத் தண்ணீரில் கண்டம்

மாரெட்பள்ளியில் எங்கள் மாடி வீட்டு ராகவன் சார் படகு வாங்கி இரண்டு வருடம். இன்றுதான் முதன்முதலாக ஏரிக்குக் கிளம்பினார். படகை ஏற்றிய டிரெய்லரின் சக்கரம் கேட்டிலேயே இறுகி நின்றுவிட்டது. பின்னால் ஆபீஸுக்குக் கிளம்பிய நாங்கள் எல்லோரும் ஹாரன் அடித்தோம்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் கிழிந்து, பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் துருத்தண்ணீர்.

"ரொம்ப நேரம் தண்ணியில விட்டீங்களா, சாப்?"

"நை பாய்! ஒரு தடவைகூட இறக்கல!"

பால்கனியிலிருந்து அவர் மனைவி: "ஞாயித்துக்கிழமை தவறாம பிரஷர் வாஷரை வச்சு சக்கரத்துல பீச்சி அடிக்கிறது யாருங்க?"

"சீல் டூப்ளிகேட்" என்றார் சார், மெக்கானிக்கிடம்.

புது பேரிங், புது சீல் மாட்டியாயிற்று. இப்போது சார் பிரஷர் வாஷரைத் தேடுகிறார். சக்கரத்தில் கிரீஸ் கறையாம்.

அந்த பிரஷர் வாஷர் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. படகு எக்கேடு கெட்டால் எனக்கென்ன, நாளைக்கும் ஆபீஸ் உண்டு. சார் இங்கேயும் தேடி வருவார்; வேறு யார் வீட்டிலாவது ஒளித்துவைக்க இடமிருக்கிறதா?