ஜெபா அக்கா அடைக்காத கதவு

ஜெபா அக்கா இறந்த செய்தியை அவருடைய மூத்த மகள் ரூபிதான் அலுவலகத்துக்கு போன் செய்து சொன்னாள். "அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு, செல்விக்கா." கொஞ்சநேரம் அழுதுவிட்டு, "ஆனா மருந்துச் சீட்டு இருந்த பையை மறக்காம எடுத்துட்டுத்தான் போனோம்" என்றாள். பதினான்கு வயதில் இப்படிச் சொல்லும் பெண்ணை வேறு வீட்டில் பார்க்க முடியாது.

அடக்கம் முடிந்து வந்ததும், அக்காவின் கணவருடைய அண்ணன், ஆபத்துக்கு உதவுமென்று அக்கா வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருந்த அந்த நீலப் பையைக் கழற்றினார். "இவ்வளவு ஏற்பாடு பண்ணி என்னத்தக் கண்டா? பிள்ளைகளைப் பயங்காட்டினதுதான் மிச்சம்." பை பரணுக்குப் போனது. நான் தடுக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

மில்லர்புரத்தில் உங்களில் பலருக்கு ரவிக்கை தைப்பவராகத்தான் அவரைத் தெரியும். நான் அவர் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருப்பவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆனாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஒரு வாரம் தயங்கியவள்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா பிள்ளைகளுக்கு பைபிளில் வரும் பத்துக் கன்னிகைகளின் கதையைச் சொல்வார். விளக்கேந்தி அவர்கள் காத்திருக்க, மணவாளன் வரத் தாமதமாகிறது. ஐந்து பேரிடம் விளக்குக்குக் கூடுதல் எண்ணெய் இருக்கிறது; பங்கு கேட்டால் பத்தாது என்கிறார்கள். மற்ற ஐந்து பேர் எண்ணெய் வாங்கிவருவதற்குள் மணவாளன் வந்து கதவை அடைத்துவிடுகிறான். கதை முடிந்ததும் வெள்ளத்துக்கான ஒத்திகை, அதற்கு ஒரு விசில். ரூபி மின்சார மெயினை அணைப்பாள். சின்னவள் கிரேஸி மாடிப்படியின் அடியிலிருக்கும் இரும்புக் கதவை அடைத்துத் தாழிடுவாள். டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட், ரேஷன் கார்டு நகல் எல்லாம் இருக்கும் பையோடும் தண்ணீர்க் கேனோடும் மாடிக்கு ஏறி, ஒவ்வொருவரும் "நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இந்து வீட்டுப் பெண்ணான என்னையும் இழுத்துவிட்டார். "விளக்குக்கு எண்ணெய் ஊத்துறது உங்க வீட்ல தெரியாத சங்கதியா, ஏளா? வா." நான் சொல்வது அவருக்குக் கேட்காது. "உன் சத்தம் உனக்கே கேக்கல, எங்களுக்கு எப்படிளா கேக்கும்? இன்னொருக்கச் சொல்லு."

என் பட்டச் சான்றிதழின் நகலைப் பையில் வைக்கத் தரச்சொல்லி மூன்று முறை கேட்டார். அடுத்தவர் பையில் இடம் பிடிக்கக் கூச்சம். "பிறகு தாரேன்க்கா" என்றே நாளைக் கடத்தினேன்.

பெருமழை பெய்த அந்தக் காலையில் தெருவெல்லாம் வெள்ளம். விசில் கேட்டதும் ஓடிவந்தேன். பாதியில் சான்றிதழ் நினைவுக்கு வந்து அறைக்குத் திரும்பினேன். அதை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

மேலே அக்கா ஆட்களை எண்ணிப் பார்த்திருக்கிறார். "செல்வி சத்தம் கேக்கலியே!" தடதடவென்று இறங்கிவந்து தாழை நீக்கி, என் தலைமுடியைப் பிடித்தே உள்ளே இழுத்தார்.

கிரேஸி அழுதாள். "நேரம் தப்புனா அடைச்சிருவாங்கன்னு நீங்கதானம்மா சொன்னீய?"

அக்கா நனைந்தபடி நின்றார். "ஆமா, நான்தான் சொன்னேன். தப்பு என்மேலதான். மணவாளன் அடைச்சான். நாம அடைக்கப்படாது."

அடுத்த ஞாயிறு கதை மாறியது. ஐந்து பேரும் தோழிகளுக்கும் சேர்த்தே எண்ணெய் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும், அக்கா கணவரின் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "வேதத்தையே மாத்துதியா? ஆண்டவர் மேல விசுவாசம் இருந்தா இந்தப் பை எதுக்கு?"

அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை. "கதையில எண்ணெய் பத்தாது அத்தான். என் வீட்ல பத்தும். வெள்ளம் வந்த அன்னைக்கு மொட்டை மாடியைத் தாண்டி வந்து நீங்க குடிச்சது யார் வீட்டுத் தண்ணி?"

நெஞ்சுவலியைப் பை தடுக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வருவது வரும்போது யாரும் வெளியே நிற்கக் கூடாது என்றுதான் சொன்னார். அதற்கும் அவர் இறந்ததற்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு நான் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பையை இறக்கினேன். "என்னளா பண்ணுத?" என்றார் அந்த அண்ணன். பையைக் கதவுக்குப் பின்னால் பழைய இடத்தில் மாட்டினேன். "இது இங்கனதான் தொங்கும் அண்ணாச்சி" என்றேன். "ரூபி, விசிலை ஊது."

கிரேஸி ஓடிப்போய் இரும்புக் கதவை முதுகால் தாங்கித் திறந்து பிடித்தாள். எல்லோரும் ஏறினோம். அவர் மட்டும் கீழே நின்றார். "பெரியப்பா, வாரீயளா இல்லையா? அடைக்க மாட்டேன், ஆனா முதுகு வலிக்கு."

அவர் ஏறினார்.

என் பட்டச் சான்றிதழின் நகல் இப்போது அந்த நீலப் பையில் இருக்கிறது. அக்கா என்னிடம் விட்டுப்போனது வேறு. அன்று மாடியில் ரூபி என் பெயரைக் கூப்பிட்டபோது "நான் இருக்கேன்!" என்று கத்தினேன். மூன்றாவது வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.