சாக்குக்கு அடியில் இருந்த தரை

வலியசாலையில் பதினோரு வீடுகள் என் கையால் எழுந்தவை. கிழக்கேகோட்டையில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பள்ளத்தை மேடாக்கி மாடிக்கடை கட்டினேன். அஸ்திவாரம் நிற்காது என்று சொன்னவர்கள் பிறகு அங்கேயே போய்த் துணி வாங்கினார்கள். பொன்முடியில் லாரி ஏறாத வளைவுகளில் தலைச்சுமையாகச் செங்கல் ஏற்றித் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளாக லயம் கட்டினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பூச்சுக் கரணையோடு வந்தவன் நான். இதையெல்லாம் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் இல்லை என்றார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் கழித்து, விக்டோரியா ராணி காலத்தில் ஒரு துரை கட்டிய பங்களாவை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட சர்க்காரில் முடிவு செய்தார்கள். வெகுகாலம் பூட்டிக் கிடந்ததில் கூரை ஒழுகி, கூடத்தின் கறுப்புத் தரை பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. சிமெண்டுதான் போட முடியும் என்றார் என்ஜினீயர். பழையது போலவே போட்டுக் காட்டுகிறேன் என்று வேலையை எடுத்தேன்.

சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக்கரி, வெல்லத் தண்ணீர், முட்டை வெள்ளை. கலவையும் மட்டமும் நான். கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கம் ஏற்றியது என் மனைவி. இடக்கைக்காரி. ஒரு முழம் தேய்த்ததும் அதன்மேல் நனைத்த சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அப்படித் தேய்த்துத் தேய்த்து, மூடி மூடி, பின்னால் நகர்ந்தே வாசலுக்கு வந்து சேர்ந்தாள். முழுத் தரையை அவள் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

சாக்கை எடுத்த அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"கண்ணாடி தோத்துப் போச்சுட்டி!"

"நான் ஒருக்கா வந்து பாக்கட்டா?"

"இப்பம் காவக்காரன் பின்வாசல் வழியாத்தான் விடுவான். கூலிக்காரி மாதிரியா போவ? திறக்கட்டும், முன்வாசல் படியேறிக் கூட்டிட்டுப் போறேன்."

"எந்த வாசலானா என்ன? எனக்குத் தரையைத்தானே பாக்கணும்."

"சொன்னாக் கேளுட்டி."

கேட்டாள். திறப்புக்கென்று நான் எடுத்து வந்த சேலையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். திறப்புக்கு ஒன்பது நாள்தான் பாக்கி, காய்ச்சலில் போய்விட்டாள். அந்தச் சேலையைப் போர்த்தித்தான் அனுப்பினோம்.

திறந்த வாரத்தில் நான் மட்டும் போனேன். முன்வாசல் படியேறித்தான் போனேன். சுற்றிக் காட்டும் ஊழியர் பிரம்பை நீட்டி, துரை படுத்த கட்டில், பியானோ, சுவரில் தொங்கும் ராணி படம் என்று காட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தார்.

"தரையைப் பாருங்க, கேட்டோ. துரை சீமையிலேர்ந்து ஆளைக் கொண்டுவந்து போட்டதாக்கும். ஒரு கீறல் உண்டா?"

"இதுல முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாமே" என்றாள் கூட்டத்தில் ஒரு அம்மாள்.

"தம்பி, இது நாங்க போட்டது" என்றேன்.

"ஓ! அப்பம் அந்த ராணி படமும் அண்ணாச்சி வரைஞ்சதுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாய்ச்சண்டையில் நான் யாரிடமும் தோற்றதில்லை. அன்று தரையைப் பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சரிந்து விழுந்து, தரையில் தேய்த்த வரிகள் எழும்பித் தெரிந்தன. அத்தனையும் இடக்கைச் சாய்வு. குனிந்து விரல் வைத்தேன்.

"தொடக்கூடாது அண்ணாச்சி, அழுக்காயிடும்."

பொன்முடிக்குச் செங்கல் ஏற்றியவன், இருபது அடி நடந்து ஒருத்தியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகவில்லை. என் வீம்பு. வேறு காரணம் கிடையாது.

வாசல் பலகையில் துரையின் பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயரும் இருக்கிறது. அதற்குக் கீழே இடமும் இருக்கிறது. கூடத்துத் தரையைப் போட்டவன் நான், தேய்த்தவள் என் மனைவி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் சாயங்காலம் அந்த மேற்கு ஜன்னலோரம் குனிந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு எழுதட்டும்.